இலேசான நீளா இழை

பல்கலைக்கழக முதலாம் ஆண்டுக்கான இயக்கவியல் பயிற்சி வகுப்பு. வினாத்தாள் ஆங்கிலத்தில். நிலைத்த கப்பி ஒன்றின் மேலாக ஓர் இழை போகிறது, இரு நுனிகளிலும் இரண்டு துணிக்கைகள் தொங்குகின்றன, ஆர்முடுகலைக் காண வேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் எல்லாரும் கரைத்துக் குடித்த கணக்கு. பத்து நிமிடமாகியும் பேனை அசையாமல் இருந்த ஒரு மாணவனிடம் போய் நின்றேன். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. இணைந்த கணிதத்தில் 'ஏ' எடுத்து வந்தவன். வினாவின் முதல் வரியில் விரலை வைத்தான். "சேர், லைட் ஸ்ட்ரிங் எண்டால் வெளிச்சம் போற நூலோ?" பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"இலேசான நீளா இழை, தம்பி" என்றேன். ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டான்.

அவனிடம் பௌதிகம் குறைவாக இருக்கவில்லை. லைட் என்ற சொல்லும் அவனுக்குத் தெரியும். தெரிந்த சொல் அங்கே வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது, அந்த வேலையை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'ஸ்மூத்' என்றால் உராய்வு இல்லை, 'லைட்' என்றால் திணிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம், 'அட் ரெஸ்ட்' என்றால் வேகம் பூச்சியம். பௌதிக ஆங்கிலத்தின் கடினமான பகுதி இப்படியான சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. 'தேர்மோடைனமிக்ஸ்' என்ற நீண்ட சொல்லை ஒரு பிள்ளை ஒருநாளில் பழகிக்கொள்ளும்.

இந்த விடயத்தை நான் இரண்டு கரைகளிலும் நின்று பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தமிழில் உயர்தரம் படித்தேன். போரினால் குடும்பம் கடல் கடந்தபோது திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தேன். பிறகு ஊர் திரும்பிக் கற்பிக்கப் போனேன். ஒரே மொழி பேசும் இரண்டு மாணவர் கூட்டங்கள் ஒரே பாடத்துக்காக ஒரே அந்நிய மொழியை இவ்வளவு வேறுவேறு வழிகளில் அணுகுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

எந்த மொழியில் கற்பது என்ற கேள்வி பழையது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். அதே யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், மருத்துவர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்து, 1860களில் தமிழுக்கு மாறினார். அன்று தொட்டு ஆங்கிலமா தமிழா என்றே நாம் கேட்டு வந்திருக்கிறோம். ஆங்கிலம் என்றால் எந்த ஆங்கிலம் என்று கேட்டவர்கள் குறைவு.

இலங்கையில் வழி நீண்ட தூரம் சமதரையாகப் போய் ஓரிடத்தில் செங்குத்தாக ஏறுகிறது. முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை எல்லாம் தமிழில். 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் பலன் இது. இலத்திரன், மீடிறன், பரிவு, கோணல், தெறிப்பு, முறிவு என்று ஒரு முழுப் பௌதிகமே எங்களுக்குத் தமிழில் வாய்த்தது. உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளில் நீண்ட பந்தியைத் தந்து, வாசித்து விடை எழுதச் சொல்லும் வினா வருவதுண்டு. அறிமுகமில்லாத ஒரு கருவியை விவரித்து, அதன் தத்துவத்தை மாணவனே பிரித்தெடுக்கும்படி விடுவார்கள். அதைச் செய்து பழகிய பிள்ளைக்குத் தமிழில் பௌதிகத்தை வாசிக்கத் தெரியும். இது பெரிய சொத்து. பொது ஆங்கிலமும் உயர்தரத்தில் ஒரு பாடம்தான். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது. ஆகவே ரியூசன் வகுப்புக்கும் கடந்தகால வினாத்தாள்களுக்கும் இடையில் ஓடும் பிள்ளை அதைத் தொடாமலே வந்துவிடுகிறது.

விஞ்ஞான பீடத்துக்குள் கால் வைத்தவுடன் எல்லாம் ஆங்கிலம். திங்கட்கிழமை முதல் விரிவுரையே ஆங்கிலம். இலத்திரன் என்று ஏழு வருடம் எழுதிய பிள்ளைக்கு 'எலெக்ட்ரோன்' என்று காதில் விழும்போது அதுதான் இது என்று புரிய ஒரு கணம் பிந்துகிறது. அந்த ஒரு கணத்தில் விரிவுரையாளர் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். ஐம்பது நிமிடத்தில் அப்படி எத்தனை கணங்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிக்கும் வாய்ப்பு இருக்கிறதுதான். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அது எட்டாத இடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அப்படிச் செங்குத்தான இடம் கிடையாது. அங்கே ஏற்றம் தெரியாத ஒரு நீண்ட சரிவு. பள்ளியிலேயே தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் நடக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்சி. இயற்பியலும் இரண்டு வழியிலும் உண்டு. அரசு வேலைவாய்ப்பில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், தமிழ் வழியைத் தேர்வதற்கு ஒரு நியாயமான உலகியல் காரணமும் இருக்கிறது. ஆங்கில வழி வகுப்பிலும் விளக்கம் தமிழில்தான் நடக்கிறது. எங்கள் பேராசிரியர் ஒருவரின் வகுப்பு இன்றைக்கும் என் காதில் ஒலிக்கிறது: "இந்த பார்ட்டிக்கிள் ரெஸ்ட்ல இருக்கு. இப்ப ஒரு கான்ஸ்டன்ட் போர்ஸ் அப்ளை பண்றோம். என்னாகும்? அக்சலரேட் ஆகும்." அருமையான ஆசிரியர், அவர் விளக்கியது இன்றுவரை மறக்கவில்லை. விளக்கம் முடிந்ததும் ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். தேர்வில் அதையே திருப்பி எழுதுவோம். பெயர்ச்சொற்கள் ஆங்கிலம், வாக்கியம் தமிழ், தேர்வுத்தாளில் மனப்பாடமான ஆங்கிலம். மூன்று வருடத்தில் சொந்தமாக ஓர் ஆங்கில வாக்கியம் அமைக்க வேண்டிய தேவை எனக்கு வைவாவில் மட்டும்தான் வந்தது. அங்கும் 'எஸ் சார்', 'நோ சார்' என்று சமாளித்துவிடலாம்.

திருச்சியில் என் முதல் செய்முறை வகுப்பைச் சொல்ல வேண்டும். கம்பியின் யங் குணகம் காணும் சோதனை. "ஒவ்வொரு நிறைக்கும் ரீடிங் எடு" என்றார் ஆசிரியர். ஈழத்துப் பாடநூலில் திணிவுதான் 'மாஸ்'. நிறை என்றால் 'வெயிட்', அதாவது விசை, நியூட்டனில் அளப்பது. ஆகவே அரைக் கிலோ ஏற்றும்போது அட்டவணையில் 4.9 என்று எழுதினேன். வாய்பாட்டில் மறுபடி புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கினேன். முடிவில் எஃகை விட ஏறத்தாழப் பத்து மடங்கு விறைப்பான ஒரு கம்பி எனக்குக் கிடைத்தது. ஆசிரியர் என் அட்டவணையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "நிறைன்னா மாஸ்ப்பா. எடைன்னாதான் வெயிட். உங்க ஊர்ல மாத்திச் சொல்வாங்களா?" என்று கேட்டார். மாற்றித்தான் சொல்வோம். எங்கள் கதி அவர்களுக்கு வேகம். எங்கள் வேகம் அவர்களுக்குத் திசைவேகம். எங்கள் சக்தி அவர்களுக்கு ஆற்றல், எங்கள் வலு அவர்களுக்குத் திறன், எங்கள் அமுக்கம் அவர்களுக்கு அழுத்தம். அன்று எங்கள் இருவருக்கும் இடையில் நின்று வழக்கைத் தீர்த்து வைத்தவை மாஸ், வெயிட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள். அந்த நாளில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கலைச்சொல் என்பது ஒரு மொழிக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. நிறை என்ற சொல்லுக்குள் பிறவியிலேயே நியூட்டனும் இல்லை, கிலோகிராமும் இல்லை. லைட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மாதிரித்தான்.

சொல்லை விடக் கடினம் வாக்கியம். இதைப் பற்றி இரண்டு நாடுகளிலும் வகுப்பில் பேசக் கேட்டதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ் வினாவை எடுங்கள்: 'ஒப்பமான நிலைத்த கப்பி ஒன்றின் மேலாகச் செல்லும் இலேசான நீளா இழையின் நுனிகளில் இணைக்கப்பட்டுள்ள துணிக்கைகள்.' கப்பி முதலில் வருகிறது, இழை பிறகு, துணிக்கைகள் கடைசியில். படம் கீறுவதும் இதே ஒழுங்கில்: கப்பி, இழை, துணிக்கை. ஆங்கிலத்தில் இது தலைகீழ். துணிக்கைகள் முதலில் வந்து நிற்கும். அவை எதில் இணைந்தவை என்பது பின்னால். அந்த இழை எதன் மேலாகப் போகிறது என்பது அதற்கும் பின்னால். தமிழில் எச்சங்கள் பெயருக்கு முன்னே நடக்கும், ஆங்கிலத்தில் பின்னே இழுபடும். தமிழ் ஒழுங்கில் பழகிய கண் ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தையே முழுமை என்று எண்ணிப் படம் கீறத் தொடங்கிவிடுகிறது.

நிபந்தனைகளில் இது இன்னும் ஆபத்தானது. 'வளித்தடையைப் புறக்கணித்து, எறியத்தின் கிடை வீச்சைக் காண்க' என்று தமிழில் வரும். நிபந்தனை வாசலிலேயே நிற்கிறது. ஆங்கில வினாவில் 'நெக்லெக்டிங் ஏர் ரெசிஸ்டன்ஸ்' என்பது பெரும்பாலும் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' என்பனவும் வால் பக்கத்தில்தான். 'முறையே' என்ற சொல் தமிழில் எண்களுக்கு முன்னால் நின்று எச்சரிக்கும். 'ரெஸ்பெக்டிவ்லி' எண்கள் எல்லாம் போன பிறகு வந்து சேரும். அதனால் வினாவை இரண்டு தரம் வாசிக்கச் சொல்வேன். இரண்டாம் தரம் கடைசியிலிருந்து. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இது அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த தமிழிலிருந்து வருகிறது.

ஏவல் வினைகளும் அப்படியே. நிறுவுக, காட்டுக, உய்த்தறிக, துணிக, பெறுக என்று உயர்தர வினாத்தாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறது. எது எதைக் கேட்கிறது என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். 'இதிலிருந்து' என்று வந்தால் முந்திய பகுதியின் விடையைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் தெரியும். அதே பிள்ளை 'ஹென்ஸ்' என்ற சொல்லைக் கண்டுகொள்ளாமல் அடியிலிருந்து தொடங்கி, சரியான விடையையே பெற்று, புள்ளியை இழக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு சிக்கல். 'டிரைவ்', 'டிபைன்', 'எக்ஸ்ப்ளெயின்' ஆகிய மூன்றும் அவர்களுக்கு அத்துப்படி, ஏனென்றால் அவர்களின் வினாத்தாள்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் சுழல்கின்றன. 'ஜஸ்டிபை', 'எஸ்டிமேட்' என்று ஒரு வினா திரும்பினால் தடுமாற்றம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.க்குள் நுழைய எழுதும் ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. அதில் மனப்பாட நோட்ஸ் துணைக்கு வராது.

பல்கலைக்கழகங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். இலங்கையில் பல்கலைக்கழகங்களில் ஆங்கில மொழி கற்பித்தலுக்கென்றே தனி அலகுகள் இருக்கின்றன. முதலாம் ஆண்டில் தரம் பிரித்து, வாரத்தில் சில மணித்தியாலம் வகுப்பு வைக்கிறார்கள். அர்ப்பணிப்புள்ள போதனாசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் பல பீடங்களில் அந்தப் பாடம் புள்ளிச் சராசரியில் சேராது. சேராத பாடத்துக்கு எந்தப் பிள்ளை இரவு விழிக்கும்? அதற்கு மேலே, உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசல் திறக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது. வீட்டில் சும்மா கழியும் அந்த மாதங்களில் இருபது வினாத்தாள்களை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழக்கினாலே போதும். அந்தக் காலம் வீணாவதுதான் எனக்குத் தாங்க முடியாத விடயம். தமிழ்நாட்டில் மே மாதம் பிளஸ் டூ முடிவு, சில வாரங்களில் கல்லூரி, இடைவெளியே கிடையாது. தொடக்கத்தில் சில நாள் 'பிரிட்ஜ் கோர்ஸ்' நடக்கும், அவ்வளவே.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் பார்ட் டூவாக வருகிறது. உரைநடை, கவிதை, சிறுகதை, கொஞ்சம் இலக்கணம். இலக்கியம் படித்ததற்காக நான் வருந்தியதே இல்லை. ஆனால் சிறுகதையின் கதைமாந்தரைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, 'வரைபு நேர்கோடாக இருப்பதால் ஓமின் விதி நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவது ஏன் தவறு என்று அப்போது தெரியாது. ஒரு வரைபு விதியோடு ஒத்துப்போகலாம், விதியை ஆதரிக்கலாம். ஒரு கம்பியும் ஆறு வாசிப்புகளும் விதியை நிரூபித்துவிடாது. 'ப்ரூவ்', 'வெரிபை', 'சஜெஸ்ட்', 'கன்சிஸ்டன்ட் வித்' ஆகியவற்றுக்கு இடையிலான இடைவெளியில்தான் பௌதிகத்தின் நேர்மை இருக்கிறது. அதை ஆங்கில ஆசிரியர் தனியே சொல்லித்தர முடியாது. இயற்பியல் ஆசிரியரோ அது ஆங்கிலம், தன் வேலை இல்லை என்று விட்டுவிடுகிறார். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு, செய்முறை, முடிவு என்று அச்சு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு காரியம் முடிகிறது. இலங்கையின் செய்முறை அறிக்கையிலும் இதே கதைதான். நான் பார்த்த அறிக்கை ஒன்றில் போதனாசிரியர் சிவப்பு மையால் இறந்தகால விகுதிகளைத் திருத்தியிருந்தார், செய்முறை ஆசிரியர் வரைபுக்குப் புள்ளி போட்டிருந்தார். முடிவு வசனம் முழுப் பிழை. இருவரும் அதைத் தொடவில்லை.

2020இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 'புரொபஷனல் இங்கிலீஷ்' என்று ஒரு பாடத்தைக் கொண்டுவந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். கலை, வணிகம், உயிர் அறிவியல், பௌதிக அறிவியல் என்று நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஆங்கிலம். இயற்பியல் மாணவன் தன் துறையின் பகுதிகளை வாசித்து ஆங்கிலம் கற்கலாம். எண்ணம் மிகச் சரி. இலங்கையில் நாங்கள் கேட்டிருக்க வேண்டியது. கொரோனாக் காலத்தில், முதலாண்டு வகுப்புகளே கைபேசித் திரையில் நடந்த வருடத்தில் அது பிறந்தது அதன் கெட்டகாலம். அதற்கு மேலே, யார் கற்பிப்பது என்ற பழைய கேள்வி. இலக்கியம் படித்தவரிடம் ஒளியியல் பந்தியைக் கொடுத்தால் சொற்பொருள் சொல்லி முடித்துவிடுவார். இயற்பியல் படித்தவரிடம் கொடுத்தால் ஒளியியலைக் கற்பித்து முடித்துவிடுவார். இருவரும் ஒரே அறையில் ஒரே மணித்தியாலம் நிற்கும்படி நேர அட்டவணை போடப்பட வேண்டும். அது செலவான காரியம்தான். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

2023 ஏப்ரலில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, ஆங்கில வழியில் படிப்பவர்களும் தேர்வைத் தங்கள் மொழியில் எழுத இடம் கொடுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இதை ஆங்கிலத்துக்கு எதிரானதாகச் சிலர் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தமிழில் தெளிவாக நான்கு வசனம் எழுதி விளக்கத் தெரிந்த மாணவனுக்கு அந்த நான்கையும் ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டிலும் பாதி பாதியாக நிற்பவனிடம் எதைக் கொண்டு தொடங்குவது? இந்த இடத்தில் இலங்கை மாணவன் கையில் வலுவான ஒரு பிடி இருக்கிறது, அவனுடைய உயர்தரத் தமிழ். அவன் முதல் ஆறு மாதம் படும் துன்பம் பெரியது. மூன்றாம் ஆண்டில் அவன் எழுதும் ஆங்கிலம் சொந்த ஆங்கிலமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டு மாணவனின் காது இலங்கை மாணவனின் காதை விட ஆங்கிலத்துக்கு எப்போதோ பழகிவிட்டது. போட்டித் தேர்வு, இணைய விரிவுரை எல்லாவற்றிலும் முதலில் நுழைபவன் அவன்தான். எழுது என்று வெற்றுத்தாளைக் கொடுத்தால் தயங்குகிறான்.

இலங்கையில் இதற்கெல்லாம் மாணவர்களே கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு: குப்பி. சிங்களத்தில் சிறு விளக்கைக் குறிக்கும் சொல். பல்கலைக்கழகங்களில், படித்த ஒருவர் மற்றவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்கு அதுதான் பெயர். விரிவுரையில் ஆங்கிலத்தில் வழுவிப் போனதை இரவில் விடுதியில் தமிழில் பிடித்து, மறுபடி ஆங்கிலச் சொற்களில் கட்டுவார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்த வகுப்பில்தான் இரண்டு மொழிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வடக்கின் விஞ்ஞான பீடங்களில் இன்று சிங்கள மாணவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அதனால் விரிவுரையாளர் நினைத்தாலும் திருச்சியில் எங்கள் பேராசிரியர் செய்தது போலத் தமிழுக்குத் தாவ முடியாது.

போன வருடம் ஒரு பரீட்சைக்கு முந்திய மாலை, நூலகத்துக்கு வெளியே படிக்கட்டில் அப்படி ஒரு குப்பி நடந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுத்தவள் அநுராதபுரத்துச் சிங்களப் பெண். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் தமிழர். கணக்கு அதே கப்பிக் கணக்கு. 'லைட்' என்ற சொல்லில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். சொல்லிக் கொடுத்தவளுக்கு அதை ஆங்கிலத்தில் விளக்க வார்த்தை வரவில்லை. "செஹெல்லு" என்றாள். உயர்தரச் சிங்கள வினாத்தாளில் அந்த இழைக்கு அதுதான் அடைமொழி. தமிழ்ப் பெண்ணுக்குச் சிங்களம் தெரியாது. அவள் கொப்பியில் கப்பியின் படத்தில் இழையின் மீது பேனையை வைத்து, அருகில் சமன் அடையாளம் இட்டு, பூச்சியம் எழுதிக் காட்டினாள் அநுராதபுரத்துக்காரி. தமிழ்ப் பெண் ஒரு கணம் பார்த்தாள்.

"ஓ, இலேசான!" என்றாள்.

"இலேசான" என்று மற்றவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு இருவரும் 'ஸ்மூத்' என்ற அடுத்த சொல்லுக்குப் போனார்கள்.